வா.க. 002

பிரதேச செயலகத்தில் படிவம் நிரப்பியவர் கேட்டார்:
"என்ன தொழில், தங்கச்சி?"
"ஜாஸ். இசைத்தட்டு வெளியிடுறது."
"காஸோ? சிலிண்டர் அடுக்க வேறை பெர்மிற் வேணும்."
திருத்தினேன். திருத்தியும்
பதிவுத் துண்டில் காஸ் என்றே வந்தது.
முதல் மாதம் மூன்று பேர்
வெறும் சிலிண்டரோடு
மாங்குளத்தில் என் கதவைத் தட்டினார்கள்.
ஒருவர் மட்டும் நின்று முழுக்கக் கேட்டார்.
"முடிஞ்சுதோ, இன்னும் இருக்கோ?"
அதைவிட நல்ல விமர்சனம்
எனக்கு இதுவரை வரவில்லை.

கொழும்புக் கம்பனி என் பதினாலு நிமிடத்தை
மூன்றரையாக நறுக்கியது.
நான் மூச்செடுக்கிற இடங்களை
அழுக்கென்று துடைத்தது.
சாக்ஸபோனை மடியில் வைத்துக்கொண்டு
இரவு பஸ்ஸில் வந்தேன்.
ஓமந்தை தாண்டும்போது பெயர் வந்தது:
வான்கதவு.
குளம் நிறைந்தால் திறக்கத்தானே வேண்டும்.

ஒப்பந்தம் ஒரு பக்கம். நாலாம் வரி:
வாசித்தவருக்கே வாசிப்பு.
அவர் வேண்டாமென்றால் வேண்டாம்.
பேஸ் வாசிக்கும் அருமைத்துரை
சட்டம் படித்த மச்சானிடம் காட்டினார்.
"இப்பிடி எழுதினா நீங்கள் சோறு தின்னேலாது."

கலையகம் என்பது
றைஸ்மில் கதிரமலையின் நெல்லுக் களஞ்சியம்.
மூட்டைகளே சுவர்.
காலபோகம் அறுத்த மாசியில் சத்தம் உலர்ந்து
நகத்தளவு தூரத்தில் நிற்கும்.
விலை ஏறினால் அவர் விற்பார்;
விற்க விற்க
எதிரொலி வந்து குடியேறும்.
எங்கள் பதிவு அட்டவணையை
நெல் விலைதான் எழுதுகிறது.

அது மாசி. இரவு பத்தே முக்கால்.
இதயரூபன் சிம்பலைப் பிறஷால்
தூசி தட்டுவதுபோலத் தடவிக்கொண்டிருந்தான்.
நான் நீளமான ஒரு தாழ்ந்த சுரத்தில்.
வயல் பக்கம் யாரோ
யானைக்கு வெடி போட்டார்கள்.

கதிரையில் இதயரூபன் இல்லை.
சீமெந்துத் தரையில், கன்னம் ஒட்ட,
இரண்டு கையும் பிடரியில்.
பேஸ் அதே நாலு சுரத்தைச்
சுற்றிச் சுற்றி
அவனுக்குக் காவல் நின்றது.
நான் ஊதினேனா என்பது
பதிவைக் கேட்டபிறகுதான் தெரிந்தது.
நாற்பத்தொரு விநாடி.

எழும்பினான். தூசியைத் தட்டவில்லை.
அடுத்த பதினொரு நிமிடம் அவன் வாசித்ததை
நான் எந்த ஊரிலும்
எந்தத் தட்டிலும் கேட்டதில்லை.

விடிய முதலே உறைக்குப் படம் கீறிவிட்டேன்.
கேட்டான். "வேண்டாம்" என்றான்.
"அந்த இடத்தை மட்டும் வெட்டிவிடலாமே" என்றேன்,
என் வாயால்
அந்தக் கம்பனியின் வாக்கியத்தை.
அவன் எதுவும் பேசாமல்
ஒப்பந்தத்தை மேசையில் விரித்தான்.
நாலாம் வரி. கீழே என் கையெழுத்து.

001-க்குப் பிறகு எங்களிடம் 003.
பாரிசில் இருந்து ஒருவர் எழுதுகிறார்:
முழுத் தொகுதியும் வேண்டுமாம்,
002-க்கு எவ்வளவும் தருவாராம்.
கையிருப்பில் இல்லை என்று பதில் போடுகிறேன்.
பொய்.
இரும்பு அலுமாரியில்
காஸ் பதிவுத் துண்டுக்குக் கீழே இருக்கிறது.

போன கிழமை கடைசி லொறியும் போனது.
இதயரூபன் வந்தான். போடச் சொன்னான்.
வெடிவரைக்கும் கேட்டான்.
கையை உயர்த்த, நிறுத்தினேன்.

"அண்டைக்கு எத்தினை மூட்டை இருந்தது?"
"இருநூற்றுப் பன்னிரண்டு."
"அதுதான் அவ்வளவு கிட்டக் கேட்டது."

பிறகு ஸ்ராண்டை முறுக்கி இறுக்கினான்.
குச்சியால் ஒரு தட்டு.
வெறும் களஞ்சியம் அதை
இரண்டாகத் திருப்பித் தந்தது.
"இதிலை ஒண்டு எடுப்பம், எதிரொலியோடை."
நான் ரீட்டை நாக்கில் நனைத்தேன்.